மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் வேகம் விழுகிறது: குறை மோட்டாரிலா, கண்ட்ரோலரிலா?

கேள்வி:
வணக்கம். 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள பால் ஸ்க்ரூ, படிக்கு 1.8 டிகிரி திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், 24 வோல்ட் பவர் சப்ளை ஆகியவற்றைக் கொண்டு சிறிய செதுக்கு இயந்திரம் ஒன்றை அமைத்திருக்கிறேன்; கண்ட்ரோலரான ஆர்டுயினோ யூனோ பலகையில் ஜிஆர்பிஎல் என்ற இயக்க மென்பொருள் ஓடுகிறது. நுணுக்கம் கூடட்டும் என்று மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவரை 1/32 மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒவ்வொரு படியையும் 32 ஆகப் பிரிக்கும்படி வைத்தேன். கணக்குப்படி கண்ட்ரோலர் அனுப்பும் ஒரு துடிப்புக்கு நகர்வு 0.0008 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 1,400 மி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இயக்கம் தடுமாறுகிறது. எனக்கு 3,000 வேண்டும். பெரிய மோட்டார் வாங்கினால் சரியாகுமா?

பதில் 1:
மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் துடிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 200 படி, அதை 32ஆல் பெருக்கினால் 6,400, 5 மி.மீ. லீடுக்கு இது ஒரு மி.மீ.க்கு 1,280 துடிப்பு. நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்பது நொடிக்கு 50 மி.மீ., அதாவது நொடிக்கு 64,000 துடிப்பு. யூனோவில் ஜிஆர்பிஎல் ஏறத்தாழ 30,000 வரைதான் நம்பிக்கையாகத் தரும். அதை 1,280ஆல் வகுத்து, நிமிடக் கணக்குக்கு 60ஆல் பெருக்கினால் நீங்கள் முட்டி நிற்கும் அதே 1,400 வந்துவிடுகிறது. 1/8க்கு இறங்கினால் அதே வேகத்துக்கு 16,000 துடிப்பே போதும். ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்று ஜிஆர்பிஎல்லுக்குச் சொல்லும் $100, $101, $102 மதிப்புகளை 320 ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் இயந்திரம் சொன்ன தூரத்தைப் போல நான்கு மடங்கு ஓடும்.

பதில் 2:
1/8க்கு இறங்கினால் நுணுக்கம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம், ஏனெனில் 1/32இல் இருப்பதாக நீங்கள் எண்ணும் நுணுக்கத்தில் பெரும்பகுதி காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு மைக்ரோஸ்டெப் நகரும்போது மோட்டார் தரும் கூடுதல் முறுக்குவிசை, அதன் முழுத் தாங்குவிசையில் (நிற்கும்போது தாங்கும் உச்ச முறுக்குவிசை) 1/8இல் சுமார் 20 சதவீதம், 1/16இல் 10, 1/32இல் 5 மட்டுமே. தாங்குவிசை 1.9 நியூட்டன் மீட்டர், ஸ்க்ரூவில் ஓடும் நட்டும் தண்டவாளமும் சேர்ந்த உராய்வு 0.15 என்று வைத்துக்கொண்டால், திசை மாற்றிய பிறகு முதல் மூன்று துடிப்புகளுக்குத் தண்டு அசையவே அசையாது. 0.001 மி.மீ. காட்டும் டயல் கேஜை மேசையில் பொருத்தி, ஒவ்வொரு துடிப்பாக அனுப்பிப் பார்த்தால் ஊசி சும்மா நின்றுவிட்டுப் பிறகு திடீரென்று துள்ளுவதைக் காணலாம். போதாததற்கு, மோட்டார்களில் வழக்கமாகக் குறிப்பிடப்படும் படிப்பிழையே முழுப் படியில் 5 சதவீதம், அதாவது 0.09 டிகிரி, 1/32 மைக்ரோஸ்டெப்போ 0.056 டிகிரிதான். மைக்ரோஸ்டெப்பிங் அதிர்வைக் குறைக்க வந்தது. துல்லியத்தை அதனிடம் கேட்பது சற்று அநியாயம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1/8க்கு மாற்றினேன். கத்தி காற்றில் ஓடும்போது 3,000 எளிதாக வருகிறது. மரத்தில் இறங்கியதும் அதே வேகத்தில் சில இடங்களில் படி தவறுகிறது. டயல் கேஜில் திசை மாற்றத்தின்போது 0.02 மி.மீ. தொலைகிறது. மோட்டார் 2.8 ஆம்பியர், சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) 3 மில்லிஹென்றி. டிரைவர் 50 வோல்ட் வரை தாங்கும்.

பதில் 3:
இப்போது தடை மின்னோட்டத்துக்கு வந்துவிட்டது. 3,000 மி.மீ. வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று சுழல்கிறது. அப்போது ஒவ்வொரு சுருளிலும் மின்னோட்டம் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை திசை மாற வேண்டும். 24 வோல்ட்டில் 3 மில்லிஹென்றி சுருளில் 2.8 ஆம்பியரை எதிர்த்திசைக்குத் திருப்பவே 0.7 மில்லிநொடி பிடிக்கும். மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆகவே மின்னோட்டம் முழு அளவை எட்டுமுன்பே திரும்ப வேண்டியிருக்கிறது, முறுக்குவிசை சரிகிறது. 36 வோல்ட் கொடுத்தால் அது 0.47 மில்லிநொடியாகும். பெரிய மோட்டாரின் சுருளில் இண்டக்டன்ஸ் கூடுதலாக இருந்தால், வேகத்தில் அது இதைவிட மோசமாகவும் நடக்கலாம். 1/8இன் இரைச்சல் பிடிக்கவில்லையென்றால், வரும் துடிப்புகளை உள்ளேயே 256 ஆகப் பிரித்துக்கொள்ளும் டிரைவர்கள் உண்டு. கண்ட்ரோலருக்குச் சுமை கூடாது.

கேள்வி கேட்டவர்:
36 வோல்ட் கொடுத்து, முடுக்கத்தையும் கால்பங்கு குறைத்தேன். மரத்திலும் 3,000 நிற்கிறது. இருபது முறை ஓட்டியபின் தொடக்கப் புள்ளி மாறவில்லை. திசை மாற்றத்தில் தொலையும் அந்த 0.02 மட்டும் அப்படியே இருப்பதால், நட்டின் தளர்வாக இருக்குமோ என்று இப்போது அதைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.