ஏ.டி.எச்.டி. என்று தெரிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்தது: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோரின் அனுபவங்கள்

ஆரையம்பதி அம்மா

மகன் தரம் 3. அவனுக்கு ஏ.டி.எச்.டி., கவனம் நிற்காத, ஓரிடத்தில் இருக்க முடியாத குறைபாடு. கிளினிக்குக்கு அலைந்த கதை, வீட்டில் நடந்த சண்டை எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான், அதை விடுவோம். குளிசை தொடங்கியாகிவிட்டது. வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று பார்க்க வகுப்பாசிரியர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்றை வைத்தியர் தந்துவிட்டார். அதைக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரீச்சர் "நில்லுங்க, இப்பவே தாறன்" என்று வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போனார்.

மேசையில் வைத்து எழுதுவார் என்று நினைத்தேன். அவர் கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்தார். "இருக்கையில் ஒழுங்காக இருக்கமாட்டாரா?" முழு வகுப்பும் "ஓம் ரீச்சர்." "மற்றவர்கள் கதைக்கும்போது இடையில் புகுந்து கதைப்பாரா?" "ஓம் ரீச்சர்." பின் வாங்கில் ஒரு பிள்ளை எழும்பி, "என்ட அழிறப்பரையும் எடுத்தவன் ரீச்சர்" என்றது. ரீச்சர் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே போனார். என் மகன் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து "ஓம் ரீச்சர்" என்று சொல்லத் தொடங்கினான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்த ரீச்சர் கெட்டவர் இல்லை. அவனுக்குக் கை ஓங்கினதும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கல்முனை வாப்பா

தங்கச்சி, உங்கள் மகனுக்கு இருப்பதை வகுப்பே ஒத்துக்கொள்கிறது. என் மகளுக்கு இருப்பதை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மகள் ஓடித் திரியும் பிள்ளை இல்லை. சத்தமே வராது. கவனம் மட்டும் சிதறுகிற வகை என்று வைத்தியர் சொன்னார். பெண் பிள்ளைகளில் இது பிந்தித்தான் பிடிபடுமாம், ஒருவருக்கும் தொல்லை கொடுக்காததால். கடிதத்தைப் பார்த்த ரீச்சர், "இந்தப் பிள்ளைக்கா? டொக்டர் ஆள் மாறி எழுதிட்டார் போல. இப்படி அமைதியான பிள்ளை வகுப்புக்குப் பத்து இருந்தா நான் நிம்மதியா இருப்பன்" என்றார்.

மகளின் சுற்றாடல் கொப்பியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். திகதி, தலைப்பு, தலைப்புக்குக் கீழே சிவப்புக் கோடு, அதற்குக் கீழே ஒன்றரை வரி. அவ்வளவுதான். அடுத்த பக்கம் புரட்டினால் திரும்பவும் திகதி, தலைப்பு, சிவப்புக் கோடு, ஒன்றரை வரி. கொப்பி முழுக்க இதுதான். ரீச்சர் உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து வடிவா இருக்கே" என்றார்.

செங்கலடிப் பக்க ஆசிரியை

ஆரையம்பதி அம்மாவுக்கு. அந்த ரீச்சர் செய்தது பிழை. அதில் வாதம் இல்லை. ஆனால் படிவத்தைக் காலையில் மணி அடிக்கிற நேரம் வாசலில் வைத்துக் கொடுத்தால் அதற்கு என்ன நேரம் கிடைக்கும்? ஆரம்பப் பிரிவில் ஒரே ஆள்தான் எல்லாப் பாடமும். 7.30க்குத் தொடங்கினால் 1.30 வரை வகுப்பை விட்டு அசைய முடியாது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததும் இல்லை. எல்லாரும் ஆசிரியர்மாரைக் குற்றம் சொல்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு மகன் இருந்தான். காலையில் குளிசை போட்டுக்கொண்டு வருவான். இடைவேளை வரைக்கும் இருந்து எழுதுவான், கணக்கில் கெட்டிக்காரன். 11 மணி கடந்தால் ஜன்னல் கம்பியில் நிற்பான். நான் இதை நேரத்தோடு அவன் வீட்டு வேலைக் கொப்பியில் எழுதி அனுப்பினேன். தாய் அதை வைத்தியரிடம் காட்ட, அந்தக் குளிசை நாலு மணித்தியாலம் அளவில்தான் வேலை செய்யும், பகலில் இன்னொன்று வேண்டும் என்றாராம். தாய் என்னிடம் தர வந்தார். அதிபர், "கையில எடுக்காதீங்க ரீச்சர், ஏதும் நடந்தா உங்கட தலையிலதான் விழும்" என்று தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் இடைவேளைக்கு கேற்றடிக்கு வருவார். காவலாளி உள்ளே விடமாட்டார். கம்பிக்குள்ளால் கையை நீட்டிக் குளிசையும் தண்ணீர்ப் போத்தலும் கொடுப்பார். இந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். அவன் வாயைத் திறந்து, விழுங்கிவிட்டேன் என்று தாய்க்குக் காட்டுவான். அதிபரிடம் இருந்து ஒரு வரி எழுத்தில் கிடைத்திருந்தால் அந்தக் குளிசையை என் கையாலேயே கொடுத்திருப்பேன்.

அக்கரைப்பற்று அப்பா

எங்கள் மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். தரம் 4இல் அவனை விசேட கல்வி அலகில், அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பில், போடச் சொல்லி அதிபர் கையெழுத்துக்குக் கடதாசியை நீட்டினார். நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய எல்லாருக்கும் சொல்ல இருக்கிறது.

கடிதத்தை வகுப்பு வாசலில் கொடுக்காதீர்கள். அதிபருக்கு முகவரியிட்டு உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதி, வைத்திய அறிக்கையின் பிரதியை இணைத்துக் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர் மூவரோடும் இருந்து கதைக்க ஒரு நாள் கேளுங்கள். அங்கே போய் "பிள்ளையைக் கொஞ்சம் பாருங்க சேர்" என்றால் "பாப்பம்" என்பார்கள், அதோடு முடிந்தது. என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முன் வாங்கு, ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. கரும்பலகையில் இருப்பதைப் பாதியாகக் குறைத்து எழுத விடுவது, கல்முனைச் சகோதரரின் மகளுக்கு இதுதான் முதலில் வேண்டும். இடையிடையே எழும்ப ஒரு சாட்டு, பலகை அழிக்கவோ இடாப்பைக் கந்தோருக்குக் கொண்டுபோகவோ. பெயர் சொல்லிக் கத்தாமல் மேசையில் விரலால் தட்டிக் கவனத்தைத் திருப்புவது. இதில் ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

பள்ளிக்கூடம் அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள். மட்டக்களப்பில் மட்டக்களப்பு, மத்தி, மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று வலயங்கள். நம் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில். உங்கள் பள்ளிக்கூடம் எந்த வலயம் என்று முதலில் சரியாகப் பாருங்கள், பலர் அதிலேயே நாளைத் தொலைக்கிறார்கள். யாராவது அடித்தால் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையைச் சொல்லுங்கள், பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை. இயலாமையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குச் சலுகை கொடுக்கிறது. அதை வைத்திய அறிக்கையோடு பாடசாலை ஊடாக முன்கூட்டியே கேட்கவேண்டும், புலமைப்பரிசிலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓடினால் ஒன்றும் நடக்காது. குளிசை போட்டால் மத்தியானம் பசி குறையலாம், அதனால் காலையில் குளிசைக்கு முதல் வயிறு நிறையச் சோறோ பிட்டோ கொடுத்துவிடுங்கள்.

ஆரையம்பதி அம்மா

அண்ணா, எழுதியதற்கு நன்றி, முத்திரை வாங்கும் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் வழி கேட்டு எழுதவில்லை. முன் வாங்கு நாளைக்கே கிடைக்கும். அவன் தன்னைப் பற்றி "ஓம் ரீச்சர்" என்று சொன்னானே, அதற்கு எந்த வலயத்துக்குப் போவது?

செங்கலடி ரீச்சருக்கு: நான் மணி அடிக்கிற நேரம் போகவில்லை. 7 மணிக்கே போய் நின்றேன். கொப்பியில் நேரம் குறித்து அனுப்பிய உங்களைப் போல ஒரு ஆள் எங்களுக்கும் கிடைத்தால் போதும்.

திருக்கோவில் பெரியம்மா

நான் தாய் இல்லை, பெரியம்மா. தங்கச்சி குவைத்தில். மகன் என்னோடுதான், கிளினிக்குக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்தபோது "தாயோடதான் கதைப்பம்" என்றார்கள். சரியென்று வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அதிபர் கையில் கொடுத்தேன்.

மகன் அந்த நேரம் கந்தோர் மூலையில் இருந்து உழவு மெசின் படம் கீறிக்கொண்டிருந்தான். அது கீறத் தொடங்கினால் பக்கத்தில் வெடி போட்டாலும் திரும்பமாட்டான். அதிபர் போனை அவன் பக்கம் திருப்பி, "பாருங்க தங்கச்சி, அரை மணித்தியாலமா அசையாம இருக்கான். இவனுக்கா கவனமில்லை? உங்கட அக்காதான் பயந்து குளிசை குடுக்கிறா" என்றார். தங்கச்சி அங்கே அழுதாள். அழுதுகொண்டே, "அக்கா, சேர் சொன்னா சரிதானே, குளிசையை நிப்பாட்டு" என்றாள்.

பிடித்த வேலையில் இந்தப் பிள்ளைகள் மூழ்கிப்போவார்கள் என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

வாழைச்சேனை

குளிசையை நிறுத்தச் சொன்னது நல்லதுதான். சின்ன வயதில் மூளைக்கு மருந்து கொடுத்தால் பழகிவிடும். எங்கள் காலத்திலும் குழப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள், வளர்ந்து சரியானார்கள்.

கல்முனை வாப்பா

எல்லாரும் சரியாகவில்லை. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மெத்தில்பெனிடேட் என்ற இந்தக் குளிசையை வைத்தியர் சும்மா எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லை. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் மகளின் நிறை, உயரம், பிரஷர் பார்க்கிறார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி, மருந்து அல்ல. கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் முடிவு. அதிபரும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது.

திருக்கோவில் பெரியம்மா

வாழைச்சேனைத் தம்பியோடு எனக்குக் கோபம் இல்லை, எங்கள் வீட்டிலும் அதையேதான் சொல்கிறார்கள். அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. குவைத்தில் அவளுக்கு அன்று லீவு. அவளை வீடியோவில் எடுத்து வைத்தியரின் மேசையில் வைக்கப் போகிறேன். அதிபர் சொன்னதைக் கேட்டவள் வைத்தியர் சொல்வதையும் ஒருமுறை கேட்கட்டும். அந்த உழவு மெசின் படத்தையும் கொண்டு போகிறேன்.