ஈசல் தின்ற வாய்க்குச் சிள்வண்டு ஏன் கசக்க வேண்டும்?

தாமரைச்செல்வன்:
சிங்கப்பூரின் உணவு முகமை 2024 ஜூலையில் சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி), வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு உள்ளிட்ட 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதி அளித்தது. அண்மையில் அங்குள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஓர் உணவகத்தில் வறுத்த சிள்வண்டைச் சுவைத்தேன். மொறுமொறுப்பாக, வறுத்த சென்னாக்குன்னியின் மணத்துடன் இருந்தது. உடன் வந்தவர்கள் முகம் சுளித்து, இது நம்மவர் உணவே அல்ல என்றார்கள். அதை நான் மறுக்கிறேன். பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 119ஆம் பாடலில் கபிலர், செம்புற்றின் ஈசலை மோருடன் கூட்டிச் சமைத்த புளிங்கறியை அந்நாட்டின் வளமாகவே காட்டுகிறார். முதல் மழை பெய்த அந்தியில் புற்றருகே விளக்கு வைத்துப் பிடித்த ஈசலை என் பாட்டி வெறுஞ்சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்துச் சிறகை நீக்கி, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து தந்த சுவை இன்னும் என் நாவில் நிற்கிறது. இறாலை விரும்பி உண்போர் சிள்வண்டைக் கண்டு அருவருப்பது வெறும் பழக்கமின்மையே.

கோதை:
ஈசல் உண்ட மரபை நான் மறுக்கவில்லை. அதைச் சிள்வண்டுக்கும், இன்று அதை அரைத்து விற்கும் மாவுக்கும் சான்றாக்குவதைத்தான் மறுக்கிறேன். ஈசலை உண்டவர் அது ஈசல் என்று கண்ணால் கண்டு உண்டார். மாவாக்கி ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கலந்த பூச்சியை யார் அடையாளம் காண்பார்? என் தமக்கை மகளுக்கு இறால் ஒரு துண்டு பட்டாலும் உதடு தடித்துவிடும். அந்த ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்னும் புரதம் பூச்சிகளிலும் இருப்பதால்தான், இறால், நண்டு போன்ற ஓட்டுமீன், சிப்பி, வீட்டுத் தூசிப்பூச்சி ஆகியவை ஒவ்வாதவர்களுக்கான எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. அருவருப்பு பழக்கத்தால் மாறலாம், ஒவ்வாமை மாறாது.

மருதையன்:
தீவனக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே அளவு புரதத்துக்குக் கறிக்கோழிக்கு ஆகும் தீவனத்தில் பாதியே சிள்வண்டுக்குப் போதும் என்கிறது. இறைச்சியை அன்றாடம் பெருமளவில் உண்ணும் நாடுகளுக்கு அது பெரிய ஆதாயம்தான். ஆனால் துவரையும் உளுந்தும் கொள்ளும் உண்ணும் வீட்டில், தானியத்தையும் சோயாவையும் பூச்சிக்குக் கொடுத்துப் பிறகு பூச்சியை உண்பது எந்த வகையில் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை.

தாமரைச்செல்வன்:
உறையில் எச்சரிக்கை வேண்டும் என்பதைக் கோதை அம்மையார் சொன்னபடியே ஏற்கிறேன். மருதையன் ஐயாவின் கணக்கும் பருப்பு உண்போர் வரையில் சரியே. நான் கறிக்கோழி உண்போரைப் பற்றிப் பேசுகிறேன். எனினும் என் மனத்தை உறுத்துவது வேறு. ஒடிசாவின் மயூர்பஞ்சில் பழங்குடியினர் அரைக்கும் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊரிலோ ஈசல் பிடிக்கும் இருளர்களைக் கண்டு இன்றும் சிலர் நகைக்கிறார்கள். 'நம்மவர் உணவல்ல' என்று சொல்லும்போது, அவர்கள் நம்மவர் அல்லர் என்றும் சேர்த்தே சொல்கிறோம்.

கோதை:
அந்த ஏளனத்தை நானும் வெறுக்கிறேன். ஆனால் தாங்கள் புகழும் சிங்கப்பூர் விதி, காட்டில் பிடித்த பூச்சிகளை ஏற்பதில்லை; கண்காணிக்கப்படும் பண்ணையில் வளர்ந்தவற்றுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு. இருளர் பிடிக்கும் ஈசல் அந்தச் சந்தைக்குள் நுழையவே முடியாது. அவர்கள் மரபின் பெயரைச் சொல்லிப் பண்ணைப் பூச்சியை விற்றால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? மற்றொன்றையும் கேட்கிறேன்: சிள்வண்டைப் பரிமாறியவர், இறால் ஒவ்வாதா என்று தங்களிடம் வினவினாரா?

தாமரைச்செல்வன்:
இல்லை, வினவவில்லை. அந்த மேசையில் எங்களுடன் இரண்டு குழந்தைகளும் அமர்ந்திருந்தார்கள்.