மாடித்தோட்டம் – பி பிளாக்

கீதா: [படம்] கறிவேப்பிலைக் கொழுந்தெல்லாம் வெளிறி மஞ்சளாக வருகிறது. மண்புழு உரம், டிஏபி எல்லாம் போட்டாயிற்று. இன்னும் என்னதான் போடுவது?

செல்வி: யூரியா கொஞ்சம் தூவுங்கள் அக்கா. மஞ்சள் என்றாலே தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவுதான்.

சரோஜா டீச்சர்: பொறு செல்வி. கீதா, அடி இலைகள் எப்படி இருக்கின்றன? கொழுந்தைக் கிட்டத்தில் எடுத்துப் போடும்மா.

கீதா: [படம்] அடி இலை நல்ல பச்சை டீச்சர். கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடம் மஞ்சள்.

சரோஜா டீச்சர்: அப்போ யூரியா வேண்டாம். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் பழுக்கும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. பற்றாக்குறை வந்தால் கொழுந்துதான் வெளிறும். இது இரும்புதான்.

செல்வி: செம்மண் தொட்டியில் இரும்பு இல்லையா!

சரோஜா டீச்சர்: அந்தச் சிவப்பே இரும்புதான். வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கீதா, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா?

கீதா: ஆமாம், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது.

சரோஜா டீச்சர்: நம்முடைய போர் தண்ணீரின் வேலை. சுண்ணாம்பு சேரச் சேர மண் காரத்தன்மை அடையும், அதாவது புளிப்புக்கு எதிர்க்குணம். இரும்பு கரையாமல் கிடக்கும். டிஏபி உரத்தில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் அதுவும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

முருகேசன்: சாப்பாடு போட்டும் பிள்ளை இளைக்கிற கதை 😄

சரோஜா டீச்சர்: உரம் சாப்பாடே இல்லை சார். காற்றிலிருந்து கரியமில வாயு, வேரிலிருந்து தண்ணீர், மேலே வெயில், இலைதான் சமைக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் வில்லோ கன்று நட்டு 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். 5 பவுண்டு கன்று 169 பவுண்டு மரமானது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்! மரமே தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர், காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் மண்ணிலிருந்து போகும் அந்தச் சொற்பம் கிடைக்காவிட்டால் எதுவும் நடக்காது. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. பச்சையம் இல்லாமல் எவ்வளவு வெயில் அடித்தும் பயனில்லை.

ரஹீம் பாய்: எங்கள் ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள். வீணா?

சரோஜா டீச்சர்: வீண் இல்லை பாய். புளிப்பு காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் தினமும் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் மோர் என்ன செய்யும்? மழைத் தண்ணீர், ஏசி தண்ணீர் ஊற்றினால் நல்லது.

கீதா: உடனே செய்ய ஏதாவது?

சரோஜா டீச்சர்: அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு உள்ள ஃபெரஸ் சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் தெளி. பத்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. அதுவரை உரமே போடாதே. தெளித்த இலையை ரசத்துக்குப் பறித்துவிடாதே!

முருகேசன்: அன்னபேதி சிந்தினால் டைல்ஸில் துருக்கறை பிடிக்கும். அடியில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள் அம்மா, இப்போதுதான் மாடியைக் கழுவிவிட்டிருக்கிறோம்.

கீதா: சரி சார். பாய், உங்கள் ஏசி தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொள்ளவா?

ரஹீம் பாய்: தாராளமாக எடும்மா. குடம் மட்டும் திரும்பி வரட்டும், போன குடம் இன்னும் ஏ பிளாக்கிலேயே இருக்கிறது.