லார்வுட் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை? அமெச்சூர் என்கிற ஆண்மை பற்றி ஒரு விவாதம்

பழைய மட்டை:
தாமஸ் ஹியூஸ் 1857-ல் எழுதிய 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' நாவலை இந்த வாரம் திரும்பப் படித்தேன். கடைசியில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் வரும். ரக்பி பள்ளி அணிக்கு டாம்தான் கேப்டன். எதிரே லண்டனிலிருந்து வந்த அணி. நோஞ்சான் பையன் ஆர்தரை டாம் அணியில் சேர்த்திருக்கிறான். ஆட்டத்துக்காகப் பார்த்தால் அவனுக்கு இடம் உண்டா என்று டாமுக்கே சந்தேகம். ஆனால் அந்தப் பையனுக்கு இது நல்லது செய்யும் என்று நினைக்கிறான். ரக்பி தோற்கிறது. டாமுக்கு அதில் வருத்தமே இல்லை.

அமெச்சூர் என்றால் இன்று நாம் 'அரைகுறை' என்கிறோம். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'நேசிப்பவன்'. காசுக்காக இல்லாமல், பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்வது. தோற்றால் எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்குவது. பலவீனமானவனுக்கு இடம் விடுவது. நான் வளர்ந்த காலத்தில் ஆண்பிள்ளை என்றால் அதட்டுகிறவன், அடிக்கிறவன். அதற்கு மாற்றாக இப்படி ஒரு ஆண்மையை எனக்கு முதலில் காட்டியது இந்தப் பழைய ஆங்கில நாவல்தான். இதை நாம் தொலைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

பவுன்சர்:
ஐயா, டாம் பிரௌன் நிலக்கிழார் வீட்டுப் பையன். தோற்றாலும் ஜெயித்தாலும் அவன் வீட்டில் அடுப்பு எரியும். பெருந்தன்மை அவனுக்குக் கட்டுப்படியாகும்.

இங்கிலாந்தில் 1806 முதல் 1962 வரை 'ஜென்டில்மென்' அணிக்கும் 'பிளேயர்ஸ்' அணிக்கும் ஆட்டம் நடந்தது. முன்னது அமெச்சூர்கள், பின்னது கூலிக்கு ஆடுகிறவர்கள். அணிக்குள்ளேயே உடை மாற்றும் அறை தனித்தனி. பல மைதானங்களில் உள்ளே வரும் வாசலும் தனித்தனி. ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், கூலிக்காரனுக்குப் பின்னால். ஃபிரெட் டிட்மஸ் இளம் தொழில்முறை ஆட்டக்காரராக லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் களமிறங்கியபோது அட்டையில் எஃப்.ஜே. டிட்மஸ் என்று அச்சாகிவிட்டது. அதை 'டிட்மஸ், எஃப்.ஜே.' என்று திருத்திக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் மைதானம் முழுக்க அறிவித்தார்கள். மட்டையோடு நடந்து போகிற ஒரு பையனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

கேப்டன் பதவி பொதுவாக அமெச்சூருக்குத்தான். தொழில்முறை ஆட்டக்காரர் வாலி ஹேமண்ட் 1938-ல் ஒரு கம்பெனி வேலையில் சேர்ந்து அமெச்சூராக மாறினார். அந்த வருடமே இங்கிலாந்துக்குக் கேப்டன். ஆள் அதேதான், ஆட்டமும் அதேதான். இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பழக்கத்தை உடைத்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர், லென் ஹட்டன், இங்கிலாந்துக்கு முறையாகத் தலைமை தாங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் அணி ஹெடிங்லியில் ரன் எடுக்காமலே நான்கு விக்கெட் இழந்ததே, அதுதான் அவர் கேப்டனாக இறங்கிய முதல் டெஸ்ட். அப்போதும் அவருடைய கவுண்டி (மாவட்ட) அணியான யார்க்‌ஷயர் அவரைக் கேப்டன் ஆக்கவில்லை.

சரி, எதிரணி மட்டையாளரின் உடம்பைக் குறிவைத்துப் பந்து போட்ட பாடிலைன் தொடருக்கு வருவோம். 1932-33, ஆஸ்திரேலியா. இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின், அமெச்சூர், படித்தது வின்செஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு. உடம்பைக் குறிவைத்துப் போடு என்கிறார். ஹெரால்ட் லார்வுட் போடுகிறார். அவர் நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்துப் பையன், பதினான்கு வயதில் குழிக்குள் இறங்கியவர். அதே அணியில் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் கப்பி ஆலன், ஈட்டனில் படித்தவர், அமெச்சூர். 'நான் இப்படிப் போட மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். ஐந்து டெஸ்டிலும் ஆடினார், பின்னாளில் இங்கிலாந்து கேப்டன் ஆனார், சர் பட்டமும் வந்தது. சொன்னபடி 33 விக்கெட் எடுத்த லார்வுட்டை 1934-ல் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மறுத்தார். அதற்கப்புறம் இங்கிலாந்துக்காக ஒரு ஆட்டம்கூட இல்லை.

உங்கள் ஆண்மை எனக்குத் தெரிகிறது. ஆனால் அது 'முடியாது' என்று சொல்ல முடிந்தவனுக்கு மட்டும் கிடைத்த ஆண்மை.

பழைய மட்டை:
ஆலன் மறுத்ததை நீங்கள் சலுகையாகப் பார்க்கிறீர்கள். நான் நெறியாகப் பார்க்கிறேன். சலுகை இருந்த எல்லோரும் மறுக்கவில்லையே. பட்டோடி நவாப் இப்திகார் அலி கான் சிட்னியில் தன் முதல் டெஸ்டில் சதம் அடித்தவர். பாடிலைன் பந்துக்குக் கேட்ச் பிடிக்க லெக் பக்கம் நெருங்கி நிற்க மாட்டேன் என்றார். அடுத்த ஆட்டத்தோடு அவரை உட்கார வைத்துவிட்டார் ஜார்டின். அது இழப்பு இல்லையா?

ஜார்டினையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். தொடர் முடிந்ததும் லார்வுட்டுக்கு ஒரு சாம்பல் கிண்ணம் கொடுத்தார், 'நன்றியுள்ள கேப்டனிடமிருந்து' என்று பொறித்து. லார்வுட் சாகும்வரை அவரைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை பேசவில்லை.

பவுன்சர்:
பேசவில்லைதான். அதே தொடரின் கடைசி டெஸ்டையும் பாருங்கள். லார்வுட்டின் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஓட முடியாது. ஓவரை முடி என்கிறார் ஜார்டின். நின்ற இடத்திலிருந்தே கையைச் சுழற்றி மீதிப் பந்துகளைப் போடுகிறார். அப்புறமும் வெளியே போக விடவில்லை. ஆஸ்திரேலியாவின் நட்சத்திர மட்டையாளர் பிராட்மேன் ஆட்டமிழக்கும்வரை நீ களத்தில் நிற்கிறாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டும் என்கிறார். பிராட்மேன் அவுட் ஆனதும்தான் அனுமதி. இரண்டு பேரும் பெவிலியனுக்குச் சேர்ந்து நடந்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல்.

உடம்பைக் கொடுத்தவன் யார், கணக்குத் தீர்த்துக்கொண்டவன் யார்?

மழைநாள் வாசகி:
இலக்கியத்திலேயே இந்த விரிசல் தெரிகிறது. ஈ.டபிள்யூ. ஹார்னங் 1898-ல் ராஃபிள்ஸ் என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டு வந்தார். பகலில் ஜென்டில்மென் அணிக்கு ஆடுகிற அருமையான சுழற்பந்து வீச்சாளன், ராத்திரியில் நகைத் திருடன். ஒரு பிரபு அவனைத் தன் மாளிகைக்கு அழைக்கிறார். ராஃபிள்ஸுக்குக் கோபம் வருகிறது. தன்னை மனுஷனாக மதித்து அழைக்கவில்லை, கூலிக்கு ஆடுகிறவனைப் போலப் பந்து போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. அன்றிரவு அதே வீட்டில் லண்டனிலிருந்து வந்த தொழில்முறைத் திருடர்களும் நுழைகிறார்கள். திருட்டிலும் அமெச்சூர், தொழில்காரன் என்று இரண்டு அணி.

அவன் கையில் காசு இல்லை. சரியான பள்ளி, சரியான உச்சரிப்பு, சரியான தொப்பி எல்லாம் இருக்கிறது. உள்ளே இருப்பவனைப் போல நடிக்கிற வெளியாள். கனவானாக இருப்பதற்கு ஆகிற செலவைத் திருடித்தான் ஈடுகட்டுகிறான். அந்த ஆண்மை எவ்வளவு விலை உயர்ந்த சரக்கு என்பதை எந்த வரலாற்றுப் புத்தகத்தையும்விட இந்தக் கதை எனக்குத் தெளிவாகச் சொன்னது.

நிஜத்திலும் உதாரணம் உண்டு. இங்கிலாந்து ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸுக்கு அமெச்சூர் என்றே பெயர். 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் வாங்கியது 1500 பவுண்டு. கூடப் போன தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 170.

மூன்றாவது டிவிஷன்:
இங்கிலாந்துக்காரர்களைச் சொல்கிறோம். அதே விளையாட்டு நம் பக்கம் வந்தபோது என்ன ஆனது? பல்வங்கர் பாலு, செருப்புத் தைக்கும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை. வலைப்பயிற்சியில் ஆங்கில அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் என்ற அதிகாரி எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அங்கே அவருக்கு மட்டை கொடுக்கவே இல்லை, ஏனென்றால் மட்டை துரைமாருக்கானது. மதவாரியாக அணிகள் இருந்த அந்தக் காலத்தில் இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் வெளியே தனியாக மண்குவளையில் குடித்தார். 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட் 114. அப்போதும் இந்துக்கள் அணி அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அந்த இடம் கிடைத்தது.

என் அப்பாவும் பந்துவீச்சாளர். ஒரு கம்பெனியில் விளையாட்டுக்காக வேலை கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதிகாரிகள் மட்டையோடு வருவார்கள், இவர் போட வேண்டும். நன்றாகப் போட்டால் முகம் சுளிப்பார்கள், மெதுவாகப் போட்டால் 'என்னப்பா, சாப்பிடலையா' என்பார்கள். வலது தோள் போய்விட்டது. கடைசிக் காலத்தில் சட்டை மாட்ட அம்மா கையைத் தூக்கிவிட வேண்டும். பழைய மட்டை ஐயா, அவருக்கும் அந்த ஆட்டம் உயிர்தான். சம்பளம் வாங்கினார் என்பதால் அவர் நேசிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

பழைய மட்டை:
இல்லை தம்பி. ஆகாது. அந்த இடத்தில் நான் எழுதியது தப்பு. கூலி வாங்கியவன் நேசிக்கவில்லை என்று அர்த்தம் வரும்படி எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் முழுசாக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. டிரினிடாட்டில் பிறந்த கறுப்பினத்தவர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' என்ற புத்தகத்தை 1963-ல் வெளியிட்டார். ஆங்கிலேயர் நடத்திய பள்ளியில் இதே டாம் பிரௌன் நெறியில் வளர்ந்தவர். அம்பயர் சொன்னால் முணுமுணுக்காமல் வெளியேறு, ஏமாற்றாதே, தோற்றால் சாக்குச் சொல்லாதே. இதெல்லாம் ஆள்கிறவன் கற்றுக்கொடுத்தது என்று தெரிந்தும் அவர் அதைத் தூக்கி எறியவில்லை. அதே அளவுகோலை எடுத்து அவர்களையே அளந்தார். வெஸ்ட் இண்டீஸ் அணிக்குக் கறுப்பர் ஒருவர் தொடர் முழுவதும் கேப்டனாக இருந்தது இல்லையே, இதுவா நேர்மை என்று பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1960-61-ல் கறுப்பரான ஃபிராங்க் வொரல் அந்த அணியின் கேப்டனாக ஆஸ்திரேலியா போனார். அந்த நெறி வெறும் பாசாங்கு என்றால் ஜேம்ஸுக்கு அது ஆயுதமாகப் பயன்பட்டிருக்குமா?

பவுன்சர்:
நல்ல கேள்வி. ஜேம்ஸ் தன் தவறையும் அதே புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். இளைஞராக இருந்தபோது கறுப்பர்களின் ஷானன் கிளப்பில் சேராமல், கொஞ்சம் வெளுத்த நிறத்தவரின் மேப்பிள் கிளப்பில் சேர்ந்தார். அதனால் தன் அரசியல் வளர்ச்சி பல வருடம் தள்ளிப்போனது என்கிறார். அவருக்குக் கண் திறந்ததில் பெரிய பங்கு நண்பர் லியரி கான்ஸ்டன்டைனுக்கு. அவரோ சம்பளத்துக்கு ஆடியவர். 1929-ல் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊர் அணியில் சேர்ந்தார். அந்தக் கூலிதான் அவரை யாருக்கும் கைகட்டி நிற்காத ஆள் ஆக்கியது. 1932-ல் இங்கிலாந்துக்கு வந்த ஜேம்ஸ் தங்கியது அவர் வீட்டில்தான்.

மழைநாள் வாசகி:
இவ்வளவு பேசியும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. பாடிலைன் சண்டை ஆறாத சமயத்தில், 1934 டிசம்பரில், இங்கிலாந்துப் பெண்கள் அணி ஆஸ்திரேலியா போனது. பிரிஸ்பேனில் பெண்களின் முதல் டெஸ்ட். கப்பல் கட்டணத்தை அவரவர் கைக்காசிலிருந்து கட்டினார்கள். மர்ட்டில் மக்ளகன் அந்த டெஸ்டில் பத்து ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதம் சிட்னியில் பெண்கள் டெஸ்டின் முதல் சதமும் அவருடையது. பழைய மட்டை ஐயா தேடுகிற அமெச்சூர் அந்தக் கப்பலில் இருந்தார். அதை ஏன் ஆண்மை என்று அழைக்க வேண்டும்?

பழைய மட்டை:
அந்தச் சொல்லைத்தான் எனக்குக் கொடுத்தார்கள், அம்மா. வேறு சொல் கைவசம் இல்லை. யோசிக்கிறேன்.

மூன்றாவது டிவிஷன்:
லார்வுட் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் அவர் பிளாக்பூலில் சின்ன மிட்டாய்க் கடை வைத்திருந்தார். கடை வாசலில் தன் பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. 1948-ல் அவரைத் தேடிப் போனவர் ஜாக் ஃபிங்கில்டன், பாடிலைன் தொடரில் அவர் பந்தை எதிர்கொண்டு நின்ற ஆஸ்திரேலியர். எங்கள் ஊருக்கு வந்துவிடு என்று உதவியவரும் அவர்தான். 1950-ல் மனைவியையும் ஐந்து மகள்களையும் அழைத்துக்கொண்டு லார்வுட் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் ஒரான்டஸ். 1932-ல் ஜார்டினின் அணியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போன அதே கப்பல்.