காலக்கண்ணாடியா, காலப்படிவா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய தொலைக்காட்சித் தொடர்களில், எடுத்தவர்கள் நினையாமலேயே வெளிப்பட்டுவிடும் அக்காலத்துச் சமூக மனப்பான்மையைக் குறிக்க ‘காலக்கண்ணாடி’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. சொல் இனியதுதான், ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடி எதிரில் நிற்பதையெல்லாம் காட்டும். தொலைக்காட்சியோ காட்டத் தகும் என்று அன்று கருதப்பட்டதை மட்டுமே காட்டியது. 1952இல் ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் நாயகி கருவுற்றபோது, ‘கர்ப்பிணி’ என்ற சொல்லை அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் அனுமதிக்கவில்லை. அக்காலத்தின் கூச்சத்தை நாம் அறிவது அந்தச் சொல் அங்கே இல்லாததனால்தான். இல்லாததைக் கண்ணாடி எப்படிக் காட்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் ஜப்பானியத் தொடரான ‘ஒஷின்’ ஒளிபரப்பானபோது, மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. கார் பற்றரியில் ஓடும் அந்தப் பெட்டியில், பற்றரி இறங்க இறங்கப் படமும் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டு வரும். ஏழு வயதுச் சிறுமியை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பும் காட்சியில், தம் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பியிருந்த தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அச்சிறுமியின் கதை ஜப்பானின் மெய்ஜி பேரரசர் காலத்தின் (1868–1912) இறுதியில் தொடங்குகிறது. ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அதை ஒளிபரப்பத் தொடங்கியது 1983இல். நாங்கள் பார்த்ததோ, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்த ஒரு நாட்டில். பொறுத்துப்போவதே பெண்ணுக்குப் பெருமை என்று அத்தொடர் ஓயாமல் உணர்த்துவது, என் கணிப்பில், மெய்ஜி காலத்தின் குரலன்று, 1983இன் குரல். கதை நிகழ்ந்த காலம், ஆக்கிய காலம், பார்த்த காலம் ஆகிய மூன்றில் எதைச் சொல்கிறோம் என்பதைக் ‘காலக்கண்ணாடி’ தெளிவாக்குவதில்லை.

ஆகவே, ஆக்கிய காலத்துக்கு மட்டும் உரியதாகக் ‘காலப்படிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கழுவாத தேநீர்க் கோப்பையின் உள்விளிம்பில் சாயம் வளையமாகப் படிவதைப்போல, எவரும் எண்ணிச் செய்யாதது அது. ‘காலக்கறை’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அது ஆராயுமுன்னரே குற்றஞ்சாட்டிவிடுகிறது.

ஓர் இடையூறு: மண்ணும் மணலும் படிந்து இறுகி உருவாகும் பாறையை இலங்கைப் புவியியல் நூல்களில் நாங்கள் படித்தது ‘அடையற் பாறை’ என்று; ‘படிவுப் பாறை’ தமிழகத்து வழக்கு. இலங்கை மரபைப் பின்பற்றிக் ‘காலவடையல்’ என்றால் நாவும் இடறுகிறது, ‘அடைதல்’ என்ற பொருளும் குறுக்கிடுகிறது. விண்ணப்பத் தாளைக் குறிக்கும் ‘படிவம்’ என்ற சொல்லோடு ‘படிவு’ மயங்குமா என்பதைத் தமிழகத்து அன்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.