பென் ஸோப்ரிஸ்ட் ஸ்டெப்னியா?

மட்டைவீரன்: பேஸ்பால் ஆட்டக்காரர் ஸோப்ரிஸ்ட்டை, சொந்த இடமில்லாத மாற்று ஆள் என்ற அர்த்தத்தில், "ஸ்டெப்னி" என்று வேறொரு இழையில் எழுதிய புண்ணியவானுக்காக இது. 2009-ல் டாம்பா பே ரேஸ் அணிக்கு 27 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அடிக்கும் சராசரி .297. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில் அவருடைய வார் (சாதாரண மாற்று ஆட்டக்காரரைவிட எத்தனை வெற்றி அதிகம் தேடித் தந்தார் என்ற கணக்கு) 8.6. அந்த வருடம் அமெரிக்கன் லீக் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர் பட்டம்) வாங்கிய ஜோ மவருக்கே அவ்வளவு கிடையாது. செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், ஏன், வெளிவட்டத்து ரைட் ஃபீல்ட் என்று எங்கே நிறுத்தினாலும் ஆடிய இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி உள்வட்டத்தில் நிற்பவர்) ஐயா அவர்!

ஏரிக்கரை: புண்ணியவான் நான்தான். இன்ஃபீல்டரா? 2016 வேர்ல்ட் சீரிஸில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்), சிகாகோ கப்ஸ் அணிக்காக எங்கள் கிளீவ்லாந்தை எதிர்த்து ஆடிய ஏழாவது ஆட்டத்தில் எங்கே நின்றார்? லெஃப்ட் ஃபீல்ட். அது வெளிவட்டம். செகண்ட் பேஸில் நின்றது சக வீரர் ஹாவியர் பயேஸ்.

மட்டைவீரன்: அதே ஆட்டத்தில்தான் பத்தாவது இன்னிங்ஸ், 6-6 என்று இருந்தபோது, கிளீவ்லாந்தின் பிரையன் ஷா வீசிய பந்தைக் கோட்டோரமாக அடித்து டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி) எடுத்தார். சக வீரர் அல்மோரா ஓடி வந்து ரன் சேர்த்தார். கடைசியில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. 1908-க்குப் பிறகு முதல் பட்டம். சீரிஸ் எம்விபி யார் என்று நான் சொல்ல வேண்டுமா, கிளீவ்லாந்து ரசிகரே?

ஏரிக்கரை: அடித்ததை யார் கேட்டார்கள்? நின்றது எங்கே? லெஃப்ட் ஃபீல்ட். அப்புறம், பத்தாவது இன்னிங்ஸுக்கு முன் ஆட்டத்தை நிறுத்திய அந்த 17 நிமிட மழை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கதையே வேறு.

ஓரத்துச்சீட்டு: வந்துவிட்டதய்யா மழை! உங்கள் அணிக்கு மட்டும் தனியாகவா பெய்தது?

ஏரிக்கரை: எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸின் சாப்மன் வீசிய பந்தை எங்கள் ராஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தபோது கப்ஸ் ஆட்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை யாருக்குப் பெய்தது என்று.

குறுக்குச்சால்: இருவருமே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ரேஸிலும் சரி, கப்ஸிலும் சரி, மேனேஜர் ஜோ மேடன். அவர் இல்லாத இடத்தில் ஸோப்ரிஸ்ட் என்ன கிழித்தார்?

மட்டைவீரன்: 2015, கான்சாஸ் சிட்டி. மேனேஜர் நெட் யோஸ்ட். வேர்ல்ட் சீரிஸ் பட்டம். அங்கே நின்றது செகண்ட் பேஸ். கவனியுங்கள், செகண்ட் பேஸ்! அதைப் பார்த்துதான் கப்ஸ் நான்கு வருடத்துக்கு 5.6 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிப் போனது. ஸ்டெப்னிக்கு எவனாவது அந்த விலை கொடுப்பானா?

ஏரிக்கரை: நான் கேட்டது 2016. லெஃப்ட் ஃபீல்ட். சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் பரிசு ஒன்றுகூட வாங்காதவருக்கு இத்தனை மேளதாளமா?

மட்டைவீரன்: அவர் ஆடிய காலத்தில் ஒரே இடத்தில் நிற்பவனுக்குக் கொடுத்த பரிசு அது. வாரத்துக்கு மூன்று இடம் மாறுகிறவனுக்கு எப்படிக் கொடுத்திருப்பார்கள்? யாங்கீஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் டெரக் ஜீட்டர் பற்றிய இழையிலும் இதே கோல்ட் க்ளவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அங்கே நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஏரிக்கரை: அங்கே பதிலைப் போட்டதும் இழையைப் பூட்டச் சொல்லி மட்டுறுத்துநரிடம் ஓடியது யாராம்?

ஓரத்துச்சீட்டு: பூட்டச் சொன்னது நான். அதற்கென்ன இப்போது?

ஏரிக்கரை: அதானே பார்த்தேன்.