மோட்டார் போட்டதும் மஞ்சள் தண்ணீர்: பீன்யா பக்கத்து போர்வெல்களுக்கு யார் பொறுப்பு?

ராஜகோபாலநகர்_வீடு

எங்கள் தெருவில் பதினொரு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே போர்வெல். முன்பு 450 அடியில் தண்ணீர் இருந்தது. 2024 கோடையில் அது வற்றிவிட, வீட்டுக்கு வீடு காசு போட்டு 1,100 அடிக்குப் புதிதாக இறக்கினோம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தை மாதத்திலிருந்து காலையில் மோட்டார் போட்டால் முதல் இரண்டு மூன்று குடம் லேசான மஞ்சளாக வருகிறது. வெள்ளை பக்கெட்டில் பிடித்தால்தான் தெரியும். நாற்றம் இல்லை, கலங்கல் இல்லை, ராத்திரி முழுக்க வைத்தாலும் அடியில் ஒன்றும் படிவதில்லை. இரும்பாக இருந்தால் செம்பழுப்பாகப் படிந்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா.

தெருமுனையைத் தாண்டினால் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை. ஐந்து நிமிட நடையில் உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் மூன்று பிளேட்டிங் பட்டறைகள் இருக்கின்றன. பலத்த மழை பெய்கிற இரவுகளில் ராஜகால்வாயில் (பெரிய மழைநீர் வடிகால்) நிறம் மாறித் தண்ணீர் ஓடுவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். யாருடையது என்று எனக்குத் தெரியாது, அதனால் பெயர் சொல்லவில்லை. மனு கொடுத்தோம். ஒருவர் வந்தார், டி.டி.எஸ். மீட்டரை முக்கினார், 640 காட்டியது, "குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த ஒரு வார்த்தையை நம்பி அவளுக்கு எப்படி இந்தத் தண்ணீரைக் கொடுப்பேன்?

தண்ணீரைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்கும் வரை அந்தப் பட்டறைகளை மூடிவைக்க வேண்டும். என் கருத்து அதுதான். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பீன்யா_பட்டறை

அம்மா, உங்கள் கவலையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூடு என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் 19 வருடமாக இங்கே ஜாப் ஒர்க் எடுத்து ஜிங்க், குரோம் பிளேட்டிங் செய்கிறேன். என்னிடம் பதினான்கு பேர். பாதிப்பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பையன்கள்.

தாசரஹள்ளிப் பக்கம் 2007இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. பாதாளச் சாக்கடை பல தெருக்களுக்கு வந்ததே அதற்கு அப்புறம். அதுவரை வீட்டுக்கு வீடு குழிதானே? அந்தக் கழிவெல்லாம் எங்கே போனது? பெள்ளந்தூர் ஏரி 2015, 2017, 2018 என்று தீப்பிடித்து எரிந்ததே, அதில் வந்து விழுந்ததில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடை. 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னதும் மாநில அரசிடம்தான். கழுவுகிற தண்ணீரை நான் டிரம்மில் பிடித்து லாரியில் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறேன். ரசீது வைத்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்கிறவனையும் செய்யாதவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் நாளைக்கு எவன் ஒழுங்காகச் செய்வான்?

ஆய்வகத்து_ஆள்

தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருவர் சொல்வதிலும் திருத்த வேண்டியவை இருக்கின்றன.

முதலில் அந்த டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்குப் போடும் கருவி அது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, குரோம் பிளேட்டிங்கில் பூசுகிற உலோகமான குரோமியத்துக்கு (மொத்தமாக) வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லையென்றாலும் அதில் தளர்வு கிடையாது. அந்த எல்லையைப் போல் பத்து மடங்கு குரோமியம் இருந்தால்கூட லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்பது 640.5 ஆகும், அவ்வளவுதான். மீட்டர் காட்டவே காட்டாது. அதை முக்கிப் பார்த்துக் குடிக்கலாம் என்று சொன்னது தவறு.

குரோம் பிளேட்டிங்கில் பயன்படுவது ஆறு இணைதிறன் குரோமியம், அந்த உலோகத்தின் நச்சு வடிவம். தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தண்ணீர் போகிற வழியெல்லாம் கூடவே போகும். மஞ்சள் நிறம் அதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் எல்லையைப் போல் பல மடங்கு இருக்க வேண்டும். ஆனால் மஞ்சளாக வருவதெல்லாம் குரோமியம் ஆகிவிடாது, தெளிவாக வருவதெல்லாம் சுத்தமும் ஆகிவிடாது. பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் இப்போதே செய்யுங்கள் அம்மா: மருமகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் மட்டும் கொடுங்கள். காய்ச்சினால் குரோமியம் போகாது. தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கெட்டிப்படும்.

பட்டறை நண்பருக்கு: சாக்கடைக் கழிவு நிலத்தில் இறங்கினால் நைட்ரேட் ஏறும், கிருமி ஏறும். குழிக் கக்கூஸிலிருந்து இந்த வகைக் குரோமியம் வராது. இரண்டும் ஒரே போர்வெல்லில் இருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோதே பீன்யா கடுமையாக மாசுபட்டவற்றின் வரிசையில் இருந்தது.

அம்மாவுக்கு இன்னொன்று: பெங்களூரின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே கொஞ்சம் உளுத்த பாறை, அதற்குக் கீழே விரிசல்கள். தண்ணீர் அந்த விரிசல் வழியாகத்தான் ஓடும். ஐம்பது அடி தள்ளியுள்ள போர்வெல் சுத்தமாக இருக்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளியிருப்பது கெட்டிருக்கும். ஆகவே பக்கத்தில் இருக்கும் பட்டறைதான் காரணம் என்று நடை தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், போர்வெல்லின் பக்கச் சுவரைக் காக்கும் கேசிங் பைப் மேலே உளுத்த பாறை வரைக்கும்தான் இறங்கும். அதற்குக் கீழே வெறும் துளை. கேசிங் சரியாக உட்காரவில்லை என்றால் மேல்மட்டத்து அழுக்கு அந்தத் துளை வழியாகவே ஆழத்துக்குப் போகும். வற்றிப்போன உங்கள் பழைய போர்வெல்லை மூடினீர்களா?

ராஜகோபாலநகர்_வீடு

மூடவில்லை சார். மேலே ஒரு கல் வைத்திருக்கிறோம். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பழைய_பிளேட்டர்

நான் பதினாறு வயதில் சேலத்திலிருந்து வந்தவன். 22 வருடம் குரோம் டேங்க் முன்னால் நின்றேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. என் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை இருக்கிறது. டேங்கில் கொப்புளித்து எழும்புகிற ஆசிட் புகையால் வருவது அது. விரல் இடுக்கில் புண் வந்து வட்டமாகக் குழி விழும், ஆற மாதக்கணக்காகும். எங்கள் லைனில் பாதிப்பேருக்கு இருந்தது.

பட்டறை அண்ணன் டிரம்மில் பிடிப்பதாகச் சொல்கிறார், நம்புகிறேன். ஆனால் நான் வேலை செய்த இடத்தில் டிரம் நிறைந்து, லாரி வராமல் போனால் ராத்திரி ஷிப்டில் எங்களையே திறந்துவிடச் சொல்வார்கள். டேங்கிலிருந்து தூக்குகிற சாமானோடு ஒட்டிக்கொண்டு வருகிற கரைசல்தான் கழுவுகிற தண்ணீரில் சேரும். ஒரு நாளைக்கு எத்தனை தூக்கு என்று யோசியுங்கள். நானும் வால்வைத் திருப்பியிருக்கிறேன். அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் என் அக்கா குடும்பம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

திருப்பூர்_பிள்ளை

மூடு என்று சொல்கிறவர்களுக்கு என் வீட்டுக் கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூரில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. என் மாமா டையிங் மாஸ்டர். ஒன்றரை வருடம் வேலை இல்லை. அத்தையின் நகை எல்லாம் அடகுக்குப் போயிற்று. அதன் பிறகுதான் நான் படிப்பை விட்டுவிட்டு பெங்களூர் வந்தேன்.

ராஜகோபாலநகர்_வீடு

தம்பி, உங்கள் மாமாவுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் நொய்யல் ஓரத்து விவசாயிக்கும் ஒரு கதை உண்டல்லவா? ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குக் கட்டினார்கள், அதில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. தென்னை காய்ந்து, கிணறு உப்பாகி, அவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் நகையும்தான் அடகுக்குப் போயிருக்கும். மூடிய பிறகுதானே ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது? அதற்கு முன் எத்தனை வருடம் கெஞ்சினார்கள்?

திருப்பூர்_பிள்ளை

அதை மறுக்கவில்லை அக்கா. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சரியாயின, மாமாவும் திரும்ப வேலைக்குப் போனார். அந்தக் கடனை மூடுவதற்கு முன்பே கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பீன்யா_பட்டறை

பழைய பிளேட்டர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அப்படி நடக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடக்கிறது. எங்கள் வரிசையிலேயே நடப்பதை நான் அறிவேன். ஏன் என்பதையும் கேளுங்கள்.

ஆறு இணைதிறன் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாற்ற வேண்டும். ஆசிட் ஊற்றி, மெட்டாபைசல்பைட் போட்டு, பிறகு சுண்ணாம்பு போட்டுப் படிய வைத்து, அந்த ஸ்லட்ஜை (அடியில் தங்கும் சகதி) ஆபத்தான கழிவுக் கிடங்குக்குக் காசு கட்டி அனுப்ப வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் எங்களுக்குச் சாமான் அனுப்புகிற பெரிய கம்பெனிகள் கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட் பேசும்போது இந்தச் செலவை ஒரு பைசாகூடச் சேர்ப்பதில்லை. நான் சேர்த்துக் கேட்டால் ஆர்டர் அடுத்த ஷெட்டுக்குப் போகும். அவன் ராத்திரி வால்வைத் திறப்பான், அதனால் அவனால் குறைத்துக் கொடுக்க முடிகிறது. அந்தக் கம்பெனியின் வாசலில் தோட்டமும் சான்றிதழும் இருக்கும். அவர்களை யாரும் கேட்பதில்லை. இந்த ஆத்திரம் எனக்குப் பல வருடமாக இருக்கிறது.

மேட்டூர்க்காரன்

இது ராஜகோபாலநகரோடு நிற்கிற விஷயமும் இல்லை. பீன்யா பக்கத்துத் தண்ணீரில் ஒரு பங்கு விருஷபாவதியில் சேர்கிறது. அது மைசூர் ரோடு ஓரமாகப் போய், பைரமங்கல ஏரி, அர்க்காவதி என்று சேர்ந்து, சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் விழுகிறது. அதற்குக் கீழே ஒகேனக்கல், மேட்டூர். இங்கே ராத்திரி திறக்கிற வால்வுக்கும் எங்கள் ஊர் அணைக்கும் நடுவில் எந்தச் சுவரும் இல்லை. பெள்ளந்தூர், வர்த்தூர் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே நுரை மலை மாதிரி எழும்பியதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ராஜகோபாலநகர்_வீடு

பட்டறைத் தம்பி உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். பெரிய கம்பெனி ரேட்டைக் குறைக்கிறது, நீங்கள் செலவைக் குறைக்கிறீர்கள், கடைசியில் அந்தச் செலவு என் மருமகளின் டம்ளரில் வந்து நிற்கிறது. நான் யாரிடம் ரேட் பேசுவேன்? 1996இல் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் இல்லை என்று காட்டும் பொறுப்பும் தொழில் நடத்துகிறவருடையது என்றுதானே? பிறகு ஏன் பதினொரு வீடும் காசு போட்டு நிரூபிக்க வேண்டும்?

ஆய்வகத்து_ஆள்

நியாயமான கேள்வி. 1974ஆம் வருடத் தண்ணீர்ச் சட்டத்தில் நீரோட்டம் என்பதற்குள் நிலத்தடி நீரும் அடக்கம். கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. 33ஏ பிரிவின்படி மூடச் சொல்லவும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லவும் முடியும். ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் மாதிரி என்றால் அதைச் சட்டம் சொல்கிற முறைப்படிதான் எடுக்க வேண்டும். நாம் பாட்டில் பிடித்துக்கொண்டு போனால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் உங்கள் போர்வெல் தண்ணீரை நீங்கள் பரிசோதிப்பதை யாரும் தடுக்க முடியாது. கையில் எண் இருந்தால் அடுத்த தடவை வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரோடு வர மாட்டார்.

எடுக்கும்போது கவனம்: சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீர் வேண்டாம், அதில் காவிரி கலந்திருக்கும். போர்வெல் வாயிலேயே பிடியுங்கள். மஞ்சளாக வரும் முதல் தண்ணீரில் ஒரு பாட்டில், மோட்டார் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு ஒரு பாட்டில். ஆறு இணைதிறனுக்கு ஆசிட் விடாத சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். மொத்த உலோகத்துக்குத் தனி பாட்டில், அதில் நைட்ரிக் ஆசிட் விட்டு நான் தருகிறேன். நைட்ரேட்டுக்கும் ஒரு பாட்டில் பிடித்துப் பாருங்கள், பட்டறை நண்பரின் சந்தேகமும் தீரட்டும். ஒரு போர்வெல் போதாது, எட்டு பத்தாவது வேண்டும்.

பீன்யா_பட்டறை

என் ஷெட்டுக்குள் இருக்கும் போர்வெல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு வந்தாலும் இங்கேயே போடலாம். ஆனால் அதுவரை மூடச் சொல்லி இன்னொரு மனு வேண்டாம் அம்மா.

ராஜகோபாலநகர்_வீடு

உங்கள் போர்வெல்லைச் சேர்த்துக்கொள்கிறேன் தம்பி, ஆய்வுச் செலவில் உங்கள் பங்கையும் வாங்கிக்கொள்கிறேன். மனுவை நிறுத்த மாட்டேன். அதில் உங்களுக்குச் சாமான் அனுப்புகிற கம்பெனிகளும் பொறுப்பு என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். எழுத உதவுங்கள்.

பழைய போர்வெல்லை மூட எங்கள் தெருவில் இன்றைக்கே ஆள் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, மோட்டார் போடுவதற்கு முன்னால் எல்லாரும் வந்துவிடுங்கள். ஆய்வகத்து சார், பாட்டில் எத்தனை வேண்டும்?

ஆய்வகத்து_ஆள்

பத்து போர்வெல், இரண்டு தடவை, தடவைக்கு மூன்று பாட்டில் என்றால் அறுபது. நான் ஐஸ் பெட்டி கொண்டுவருகிறேன்.

பழைய_பிளேட்டர்

நானும் வருகிறேன். எந்தக் கால்வாயில் எங்கே திறந்துவிடுவோம் என்று நடந்து காட்டுகிறேன்.